தூள் அரைக்க முதல் டொலரைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் தொடங்க நினைக்கிற ஆட்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணை, இதை வெளிநாட்டுக்கு அனுப்பலாமோ?" மிளகாய்த்தூளா, ஒடியல் மாவா, நெல்லிக்கிறஷா, பனங்கட்டியா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். கொக்குவில் பக்கம் ஒரு சின்ன மில்லை வைத்து இழுத்துக்கொண்டிருக்கிறவன் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது வேறு: "வெளிநாடு ஏற்கெனவே உங்கட சாமானுக்குள்ள எவ்வளவு இருக்கு?" பெரும்பாலானவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். உலகமயமாதல் என்பது ஏ.எல். (உயர்தர) பொருளியலில் குறிப்புக் கொப்பியில் எழுதி, சோதனையோடு மறந்துபோன ஒரு சொல். அது தங்கள் உரலுக்குள் கிடக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை.

ஆனால் கிடக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபிறகு என்ன செய்வது என்பதை நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். உதாரணத்துக்குக் கறித்தூளை, அதாவது மல்லி சீரகமெல்லாம் சேர்த்து அரைக்கிற எங்கள் மிளகாய்த்தூளை எடுத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்த தொழில் அது. உங்களுடையது தையலோ, மென்பொருளோ, கருவாடோ என்றால் பெயர்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: ஒரு கொப்பியும் மூன்று கோடும்

ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். முதல் நிரலில் இந்த மண்ணில் விளைந்து இந்த மண்ணின் விலையிலேயே கிடைப்பவை. இரண்டாவதில் கப்பலில் வருபவை. மூன்றாவதுதான் முக்கியம்: பார்க்க உள்ளூர்ச் சாமான் மாதிரி இருக்கும், ஆனால் விலை மட்டும் வெளியே நடப்பதைப் பார்த்து ஏறி இறங்கும்.

நான் முதன்முதலில் ஒரு கிலோ கறித்தூளுக்கு இதைச் செய்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. செத்தல் மிளகாய் பெரும்பாலும் இந்தியாவில் இருந்து வருவது; நாட்டுக்கு வேண்டிய செத்தலில் மிகப் பெரிய பங்கு அங்கிருந்துதான் வருகிறது. மல்லி, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் அதே கதை. மிளகு நாட்டுக்குள்ளேயே மாத்தளைப் பக்கம் இருந்து வருகிறது, கறிவேப்பிலை வளவுக்குள் நிற்கிறது, அவ்வளவுதான் முதல் நிரல். அரைக்கும் இயந்திரம் இந்தியாவில் செய்தது, அதன் உதிரிப்பாகமும் அப்படியே. பைக்கற் செய்கிற பிளாஸ்ரிக் படலம் வெளியில் இருந்து வருவது. கறன்ட் பில் உள்ளூர்க் காசில்தான் வருகிறது, ஆனால் அந்தக் கறன்டின் ஒரு பங்கு இறக்குமதி நிலக்கரியிலும் எண்ணெயிலும் எடுத்தது. லொறிக் கூலியும் அப்படித்தான். ஆக, "யாழ்ப்பாணத்துத் தூள்" என்று பெரிதாக எழுதி ஒட்டிய பைக்கற்றில் யாழ்ப்பாணம் என்று இருந்தது வறுக்கிற கையும், பதமும், கறிவேப்பிலையும்தான்.

இது கேவலமான விஷயம் இல்லை. சுவிஸ்காரர் கொக்கோ விளைவிப்பதில்லை, சொக்லேட் விற்கிறார்கள். ஆனால் எது உங்களுடையது, எது இரவல் என்று தெரியாமல் விலை போட்டால் முதல் காற்றிலேயே ஆட்டம் கண்டுவிடும்.

மஞ்சள் கதை நினைவிருக்கும். 2019 கடைசியில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள், உள்ளூர் விளைச்சல் போதாது, 2020 இல் ஒரு கிலோ மஞ்சள் ஆயிரக்கணக்கில் போனது. பாக்குநீரிணையில் கடற்படை பிடித்த படகுகளில் மூட்டை மூட்டையாக மஞ்சள் கிடந்த காலம் அது. ஒரு கிலோ தூளில் மஞ்சளின் அளவு மிகச் சிறிது என்று நான் அதைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருந்தேன். அதனால் கொப்பியில் அளவை மட்டும் எழுதாதீர்கள், அது கிடைக்காமல் போனால் வேலை நிற்குமா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இங்கே ஒரு பழங்கதை. எங்கள் அப்பு சொல்லுவார், 1970 க்கும் 77 க்கும் இடையில் வெங்காயமும் மிளகாயும் போட்டவன் கல்வீடு கட்டினான் என்று. அது உண்மைதான், அன்றைய அரசாங்கம் இறக்குமதியை இறுக்கி மூடியிருந்தது, வடக்கில் விளைந்த மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நாடு முழுவதும் கிராக்கி. 1977 இல் ஆட்சி மாறி, பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் வெளியில் இருந்து மலிவாகச் சாமான் வந்து இறங்கியது. இங்கத்தைய விவசாயி அடி வாங்கினான். தோட்டக்காரனின் கெட்டித்தனம் 76 இலும் 78 இலும் ஒன்றுதான், மாறியது கதவு. உங்கள் தொழில் எந்தக் கதவு மூடியிருப்பதால் நடக்கிறது, அதைத் திறக்கிற திறப்பு யாருடைய பொக்கற்றில் இருக்கிறது என்பதையும் அந்தக் கொப்பியில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

(வெளிச்சந்தை எங்களுக்கு ஏதோ நேற்று வந்தது என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணப் புகையிலை மலையாளக் கரைக்குப் போனது, சங்கு வங்காளத்துக்குப் போனது, பிறகு ஆட்களே மலாயாவுக்குப் போய் அங்கிருந்து மணியோடர் வந்தது. புகையிலைக்காரரும் ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து வரியால்தான் சந்தையை இழந்தார்கள்.)

அடுத்தது டொலர்

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. அந்த இரண்டு மாதத்தில் எத்தனை சின்னத் தொழில்கள் சத்தமில்லாமல் மூடப்பட்டன என்பதை கஸ்தூரியார் வீதியில் கடை வைத்திருந்த யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அதே டொலர் 2023 நடுப்பகுதியில் 300 ரூபாவை ஒட்டி இறங்கி வந்தது. ஏறும்போது செத்தவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 360 இல் வாங்கி அடுக்கிவிட்டு, 300 இல் விற்கவேண்டி வந்தவர்கள் பற்றி யாரும் பேசுவதில்லை.

கொப்பியில் நீங்கள் போட்ட மூன்று நிரலும் இங்கேதான் பயன்படும். ஒரு கிலோ தூளுக்கு அடக்கம் 1000 ரூபா என்று வைப்போம், அதில் 700 ரூபா இரண்டாம் மூன்றாம் நிரலைச் சேர்ந்தது. டொலர் 20 வீதம் ஏறினால் 700 என்பது 840 ஆகிறது, மிச்சம் 300 அப்படியே நிற்கிறது, அடக்கம் 1140. நீங்கள் திருநெல்வேலிச் சந்தையில் விற்றால் வாங்குகிற அக்காவின் சம்பளம் அந்த மாதம் ஏறவில்லை, 140 ரூபாவை உங்கள் இலாபத்தில் இருந்துதான் கழிக்கவேண்டும். வெளிநாட்டில் டொலருக்கு விற்றால் உங்கள் வரவு 20 வீதம் ஏறுகிறது, செலவு 14 வீதம் ஏறுகிறது, கொஞ்சம் மிஞ்சும். கொஞ்சம்தான். "டொலர் ஏறினால் ஏற்றுமதிக்காரனுக்குக் கொண்டாட்டம்" என்ற பேச்சு, மூலப்பொருளும் இங்கேயே விளைகிறவனுக்குத்தான் முழுதாகப் பொருந்தும். பனங்கட்டி செய்கிறவர் என்னைவிடப் பாக்கியவான். அவருக்குப் பனை ஏற ஆள் கிடைத்தால்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: யாருக்கும் ஆறு மாதத்துக்கு நிலையான விலை கொடுக்காதீர்கள், விலைப்பட்டியலின் அடியில் "இந்த விலை இத்தனை நாளுக்கு" என்று எழுதுங்கள், 14 நாள் எனக்குப் போதுமாக இருக்கிறது. ஓடர் உறுதியாகி முற்பணம் வந்த அன்றே அந்த ஓடருக்கு வேண்டிய செத்தலை வாங்கிவிடுங்கள். நாளைக்கு விலை இறங்கும் என்று சுன்னாகம் சந்தையில் யாராவது சொன்னால் அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம், ஆனால் உங்கள் தொழில் தூள் விற்பது, மிளகாயை வைத்துச் சூதாடுவது அல்ல.

தூரத்து வீட்டு நெருப்பு

2023 டிசம்பர் 8 ஆம் திகதி இந்தியா பெரிய வெங்காயத்தின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. தங்கள் நாட்டில் விலை ஏறக்கூடாது என்பதற்காக எடுத்த முடிவு, எங்களைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். இங்கே கடைகளில் வெங்காய விலை எகிறியது. சின்ன வெங்காயம் போட்டிருந்த தோட்டக்காரருக்கு மட்டும் அது நல்ல செய்தி. 2024 மே மாதத்தில் தடையை எடுத்தார்கள். அந்த ஐந்து மாதத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை எண்ணிப்பாருங்கள்: கடை யாழ்ப்பாணத்தில், முடிவு டெல்லியில்.

இப்படி எதெல்லாம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. 2021 மார்ச்சில் ஒரு கப்பல் சுயெஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கி ஆறு நாள் கிடந்தது. 2023 கடைசியில் இருந்து செங்கடலில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் ஐரோப்பாவுக்குப் போகிற கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின, பயணம் பத்து நாளுக்கும் மேலாக நீண்டது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைச் சாமான்களுக்கு 44 வீதத் தீர்வை என்றது, பிறகு 30 என்றது, ஓகஸ்டில் 20 இல் நின்றது. கிளிநொச்சி, வவுனியா ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பிள்ளைகளின் குடும்பங்கள் அந்த நான்கு மாதமும் செய்தி பார்த்த பார்வை வேறு.

உங்களால் செய்யக்கூடியது, கொப்பியில் அதிகக் காசு போகிற மூன்று சாமானை வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது ஆளைத் தேடி வைப்பது. அந்த இரண்டாவது ஆளிடம் சும்மா தொலைபேசி இலக்கம் வாங்கி வைத்தால் போதாது, விலை கொஞ்சம் கூட என்றாலும் அவ்வப்போது சின்ன அளவில் வாங்குங்கள், தட்டுப்பாடு வரும்போது முகம் தெரிந்தவனுக்குத்தான் மூட்டை கிடைக்கும். அப்புறம், வர்த்தமானியைக் கவனியுங்கள். உணவுச் சாமான்களுக்கு விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற ஒரு வரி 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இருந்து வருகிறது, அதை இரவோடிரவாக ஒரு அறிவித்தலால் ஏற்றலாம், இறக்கலாம். கொழும்பு மொத்த வியாபாரிகளுக்கு அது விடியமுன் தெரியும், எங்களுக்கு மத்தியானம்தான் தெரியும்.

சொந்தக்காரர் சந்தையல்ல

இதுதான் நான் அதிக நேரம் செலவழித்துச் சொல்ல விரும்புகிற பகுதி, ஏனென்றால் எங்கள் ஊரில் இதில்தான் ஆட்கள் தவறி விழுகிறார்கள்.

ரொறன்ரோவில் மாமி, லண்டனில் சித்தப்பா, பரிஸில் மச்சாள். கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் திரும்பிப் போகும்போது பெட்டியில் ஐந்து கிலோ தூள் கட்டிக் கொடுக்கிறோம். "உங்கட தூள் மாதிரி இஞ்ச ஒண்டும் இல்லை" என்று வட்ஸ்அப்பில் குரல்பதிவு வருகிறது. அதைக் கேட்டுவிட்டு ஒருவர் வங்கியில் கடன் எடுத்து இயந்திரம் வாங்குகிறார். அது சந்தை இல்லை, பாசம். பாசம் விலையைப் பார்க்காது, லேபிளைப் பார்க்காது, தாமதத்தைப் பொறுக்கும், ஆனால் வருசத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் வாங்காது.

புலம்பெயர்ந்த தமிழர் வாங்கமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஸ்காபரோவிலும் லா சப்பலிலும் ஈஸ்ட்ஹாமிலும் தமிழ்க் கடைகள் நிறைய இருக்கின்றன, வடக்குத் தொழில்களுக்கு அது பெரிய வாசல். ஆனால் அந்தக் கடைத் தட்டில் உங்களுக்கு முன்னாலேயே பல பைக்கற் நிற்கிறது. சிலது இந்தியாவில் அரைத்தது, சிலது கனடாவிலேயே அரைத்தது, "யாழ்ப்பாணக் கறித்தூள்" என்ற பெயர் அவற்றிலும் இருக்கும். அந்தப் பெயரை யாரும் யாரையும் போடவேண்டாம் என்று தடுக்க முடியாது. இலங்கைக் கறுவாவுக்கு 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீடு கொடுத்தது, அதனால் வேறு நாட்டுக் கறுவாவை அந்தப் பெயரில் அங்கே விற்க முடியாது. எங்கள் தூளுக்கு அப்படி ஒரு வேலி இல்லை. குறைந்தது உங்கள் சொந்த வியாபாரக் குறியையாவது தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிந்து வையுங்கள், ஊரின் பெயர் எல்லோருக்கும் பொது, உங்கள் பெயர் உங்களுக்கு.

இன்னொன்று, அங்கே பிறந்த பிள்ளைகள். அவர்களுக்குத் தூள் பிடிக்கும், ஆனால் அம்மம்மாவின் கைப்பக்குவம் என்ற வசனத்துக்காக வாங்கமாட்டார்கள். பைக்கற்றைத் திருப்பி, என்ன போட்டிருக்கிறது, எப்போது அரைத்தது, உப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்தால் அவர்களின் சீனச் சிநேகிதிக்கும் பிடிக்கும், அப்போதுதான் சந்தை தொடங்குகிறது.

அதனால் ஒரு விதி வைத்திருக்கிறேன்: உங்களுக்குச் சொந்தமோ, உங்கள் ஊரோ, உங்கள் பள்ளிக்கூடமோ இல்லாத மூன்று பேர், முழு விலை கொடுத்து, இரண்டாம் முறை வாங்கும்வரை இயந்திரத்துக்குக் கடன் எடுக்காதீர்கள். அதுவரை பக்கத்து மில்லில் கூலிக்கு அரையுங்கள். என்னுடைய மில்லே கூலிக்கு அரைப்பதில்தான் ஓடுகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

விதிகள்தான் உண்மையான வரி

சில வருசத்துக்கு முன் ஜேர்மன் பேசும் நாடொன்றில் உள்ள ஒரு கடைக்கு இரண்டு பெட்டி அனுப்பினேன். சரக்குத்தூளும் ஊறுகாயும். சாமான் போய்ச் சேர்ந்தது, கடைக்காரர் தட்டில் அடுக்கினார், பரிசோதிக்க வந்தவர் ஒரு போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு முழுவதையும் இறக்கச் சொன்னார். காரணம் கடுகு. ஊறுகாயில் கடுகு இருந்தது, உள்ளடக்கத்திலும் எழுதியிருந்தேன், ஆனால் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும், மற்ற எழுத்துகளோடு எழுத்தாக. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்களை உள்ளடக்கப் பட்டியலில் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுப்பாகக் காட்டவேண்டும். கடுகும் எள்ளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்த நாட்டு மொழியில் எழுதவேண்டும். கனடாவுக்கு என்றால் ஆங்கிலமும் பிரெஞ்சும். இரண்டு பெட்டியும் குப்பைக்குப் போனது, கடைக்காரர் காசைக் கேட்கவில்லை, ஆனால் மறுபடி ஓடரும் தரவில்லை.

தூள்காரருக்கு லேபிளைவிடப் பெரிய ஆபத்து பூஞ்சை. அஃபுளாரொக்சின் என்ற நஞ்சை ஒரு வகைப் பூஞ்சை உண்டாக்குகிறது, ஈரமான செத்தலில் அது நன்றாக வளரும், அரைத்தபின் கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்த்தூளுக்கு விடுகிற எல்லை ஒரு கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராம், அதிலும் பி1 என்ற வகை 5 ஐத் தாண்டக்கூடாது. ஒரு தொன் தூளில் பத்து மில்லிகிராம் என்று நினைத்துப் பாருங்கள், ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. மாரி காலத்தில், கார்த்திகை மார்கழியில், ஏற்றுமதிக்கென்று செத்தல் வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் மூட்டையின் நடுவில் கைவிட்டுப் பாருங்கள். உடைக்கும்போது சத்தம் வராமல் வளைகிற மிளகாய் வேண்டாம். காயப்போடுவது நிலத்தில் அல்ல, உயரத்தில் கட்டிய வலையில். மூட்டையைச் சுவரோடு சாய்த்து வைக்காதீர்கள்.

நிறமும் அப்படித்தான். 2005 பெப்ரவரியில் ஒரு தொகுதி மிளகாய்த்தூளில் சூடான் 1 என்ற சாயம் கலந்திருந்ததால் பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளில் இருந்து திருப்பி எடுத்தார்கள். அன்றிலிருந்து வெளிநாட்டு வாங்குநருக்கு "நல்ல சிவப்பு" என்றால் சந்தேகம். 2024 இல் ஹொங்கொங்கும் சிங்கப்பூரும் கிருமி கொல்லப் பாவிக்கிற எதிலீன் ஒக்சைட் என்ற இரசாயனம் இருப்பதாகச் சொல்லி இந்திய மசாலாக்கள் சிலவற்றை நிறுத்தின. இந்தியச் செத்தலை வாங்கி அரைக்கிறவருக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி அல்ல, சொந்த வீட்டுச் செய்தி. கொழும்பில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் மாதிரி கொடுத்துப் பரிசோதிக்கலாம். காசு போகும், பெட்டி குப்பைக்குப் போவதை விட மலிவு.

ஒருவர் செய்த பிழைக்கு எல்லோரும் அனுபவிப்பதும் உண்டு. ஆழ்கடல் படகுகள் சில விதி மீறி மீன் பிடித்ததை நாடு சரியாகக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 தொடக்கத்தில் இலங்கை மீனுக்கே தடை போட்டது, 2016 ஜூனில்தான் எடுத்தது. அதேபோல ஐரோப்பிய ஒன்றியம் தருகிற ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற தீர்வைச் சலுகை 2010 ஓகஸ்டில் பறிபோய் 2017 மே மாதத்தில் திரும்பி வந்தது. அது மனித உரிமை உட்பட 27 சர்வதேச உடன்படிக்கைகளை நாடு கடைப்பிடிப்பதோடு கட்டப்பட்ட சலுகை. உங்கள் தூளின் விலையில் நாட்டின் மனித உரிமை நிலவரமும் ஒரு சேர்மானம்.

காகிதங்கள், வரிசையாக

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், போகிற இடத்தில் எப்படியும் திரும்பச் சொல்லுவார்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து இடத்தைப் பார்க்கவேண்டும், அவரோடு சண்டை பிடிக்காதீர்கள், அவர் சொல்வது பிறகு வெளிநாட்டுக்காரர் கேட்கப்போவதில் கால்வாசிதான். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம், பிறகு சுங்கத்தில் ஏற்றுமதியாளராகப் பதிவு, ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிலும் பதிந்துவிடுங்கள், 1979 இல் இருந்து இருக்கிற நிறுவனம், கண்காட்சி, பயிற்சி என்று அவ்வப்போது ஏதாவது இருக்கும். பனம்பொருள் என்றால் பனை அபிவிருத்திச் சபையும் கைதடியில் உள்ள ஆராய்ச்சி நிலையமும் உங்கள் கதவுகள்.

எச்.எஸ். குறியீட்டை, அதாவது சுங்கத்தில் ஒவ்வொரு பண்டத்துக்கும் இருக்கிற இலக்கத்தை, சரியாகக் கண்டுபிடியுங்கள். முழுச் செத்தலுக்கு 0904.21, இடித்த அல்லது அரைத்த மிளகாய்க்கு 0904.22, முதல் ஆறு இலக்கமும் உலகம் முழுக்க ஒன்றுதான், இதை வைத்துத்தான் அந்தப் பக்கத்து வரியைப் பார்க்கலாம். மல்லி சீரகம் எல்லாம் கலந்த கறித்தூளுக்கு இது பொருந்தாது, வேறு குறியீடு. இன்னும் ஒரு பொறி இருக்கிறது: இந்தியச் செத்தலை இங்கே அரைத்தால் தீர்வைச் சலுகைக்கு அது இலங்கைப் பொருளாக எடுபடுமா? நாட்டுக்கு நாடு, திட்டத்துக்குத் திட்டம் விதி வேறு. வர்த்தகத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டு, பதிலும் எழுத்தில் வாங்கியபிறகுதான் வாங்குநருக்கு வரிச் சலுகை பற்றி வாயைத் திறக்கவேண்டும்.

அனுப்புவதும் காசு வாங்குவதும்

பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் 2023 ஒக்டோபரில் கப்பல் விட்டார்கள், நல்ல விஷயம், ஆனால் இரண்டும் முக்கியமாகப் பயணிகளுக்கானவை. உங்கள் சரக்கு ஏ9 வீதியால் இறங்கி, மொத்தம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் லொறியில் போய்க் கொழும்பில்தான் ஏறும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

விமானத்தில் அனுப்பினால் நிறையை மட்டும் பார்க்கமாட்டார்கள், பெட்டியின் பருமனையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000 ஆல் வகுப்பது வழமை. 60க்கு 40க்கு 40 பெட்டி என்றால் 16 கிலோ. அதற்குள் ஒன்பது கிலோ அப்பளமும் பொரித்த மிளகாயும் இருந்தாலும் 16 கிலோவுக்குத்தான் காசு. கூரியர் கம்பனிகள் பெரும்பாலும் 5000 ஆல் வகுக்கும், அப்போது 19 கிலோவைத் தாண்டும். தூளுக்கு இந்தப் பிரச்சினை குறைவு, அமுக்கிக் கட்டலாம். ஒடியலும் அப்பளமும் செய்கிறவர்கள் கவனம். கப்பலில் என்றால் உங்களுக்கு ஒரு முழுக் கொள்கலன் தேவைப்படாது, பலருடைய சரக்கைச் சேர்த்து அனுப்புகிற முகவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். விலை பேசும்போது கொழும்புத் துறைமுகம் வரையா, அந்த நாட்டுத் துறைமுகம் வரையா, கடை வாசல் வரையா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். "உங்கட விலை எவ்வளவு?" என்ற கேள்விக்கு இது தெரியாமல் பதில் சொல்லி நான் ஒருமுறை கூலிக்கு மாரடித்தேன்.

காசு வங்கி வழியாக வரவேண்டும். பாதி முற்பணம், மீதி சரக்கு ஏறிய காகிதத்தைக் காட்டியதும் என்பது புதிதாகத் தொடங்குகிறவருக்குப் போதும். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்வழியாகக் கைமாற்றினால், நாளைக்கே கையில் கிடைக்கும், விலையும் கொஞ்சம் கூட வரும் என்று சொந்தக்காரரே சொல்வார்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, இரண்டு வருசம் கழித்து நீங்கள் கடன் கேட்டுப் போகும்போது ஏற்றுமதி செய்ததற்கு உங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

ஆட்களும் சங்கங்களும்

இதைக் கடைசியில் வைத்தேன், ஆனால் எனக்கு இப்போது அதிகம் கடிப்பது இதுதான். நான் பழக்கிய மூன்று பொடியன்களில் ஒருவன் கட்டாருக்குப் போய்விட்டான், ஒருவன் கனடாவுக்கு விசா பார்க்கிறான். கணக்கு எழுதின தங்கச்சி இப்போது வீட்டில் இருந்தே லண்டன் நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறாள், பவுண்சில் சம்பளம். சம்பளத்தில் அவர்களோடு போட்டி போட முடியாது. வேலையை ஒருவர் தலைக்குள் மட்டும் வைத்திருக்காமல் எழுதி வைப்பதுதான் வழி: எத்தனை கிலோ, எவ்வளவு நேரம் வறுப்பது, எந்த நிறத்தில் இறக்குவது, படமும் எடுத்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஆள் மாறினால் தூள் மாறக்கூடாது.

தொழில் இல்லை, சங்கமோ தொண்டு நிறுவனமோ நடத்துகிறேன் என்றால் உங்களுக்கும் அதே கொப்பிதான், சரக்குக்குப் பதிலாக நிதி. 2025 இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தை மூடியபோது, ஒரே கொடையாளியை நம்பியிருந்த அமைப்புகள் உலகெங்கும் ஆட்களை நிற்பாட்டின. பழைய மாணவர் சங்கம் என்றால் இன்னும் வேடிக்கை: கட்டடம் இங்கே, காசு லண்டன் கிளையில், தீர்மானம் ரொறன்ரோ நேரப்படி நடுச்சாமத்தில் வட்ஸ்அப்பில். அங்கே முடிவெடுப்பவர்களுக்கு இங்கத்தைய விலைப்பட்டியலை மாதாமாதம் அனுப்புங்கள், அவர்கள் மனதில் இன்னும் அவர்கள் போன வருசத்து விலைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, முதல் சரக்கு போகிற நாளைக்கு ஒரு வேலை. ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் அந்தத் தொகுதிக்கு ஓர் இலக்கம் போட்டு, அதை எல்லாப் பைக்கற்றிலும் அடித்து, எந்தச் செத்தல் யாரிடம் எப்போது வாங்கியது, யாருக்கு அனுப்பியது என்று கொப்பியில் எழுதுங்கள். ஐரோப்பாவில் வாங்குகிறவர் தனக்கு யார் தந்தது, தான் யாருக்குக் கொடுத்தது என்று காட்டவேண்டும் என்பது சட்டம், அந்தக் கேள்வி உங்கள் வாசலுக்கும் வரும். அதே தொகுதியில் இருந்து ஒரு பைக்கற்றை ஒட்டி, இலக்கம் எழுதி, பாவனைக் காலம் முடியும்வரை அலுமாரியில் வையுங்கள். எங்கோ ஒரு முறைப்பாடு வந்தால் பரிசோதிக்க உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அது. வீட்டில் தூள் முடிந்த அன்று அதை உடைத்துக் கறிக்குப் போட்டுவிடாமல் பூட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு தடவை நடந்துவிட்டது.